தாமதத்தை ஒழித்த வரலாறு

உலகில் பேரரசர்களும் பெருந்தலைவர்களும் தாமதத்தை எதிர்த்துப் போராடிப் பார்த்துத் தோற்றுப் போயிருக்கிறார்கள். அதை அடியோடு ஒழித்துக் கட்டிய பெருமை எங்கள் நகர வட்டார ரயில் மேம்பாட்டு ஆணையத்துக்கு மட்டுமே உண்டு. அந்த ஆணையத்தின் நேரந்தவறாமைப் பிரிவுக்கு அதிகாரி அடியேன்தான் என்பதைத் தன்னடக்கம் காரணமாக மூன்றாவது வாக்கியத்தில்தான் சொல்கிறேன்.

இத்தனைக்கும் நாங்கள் ஒரு முழம் தண்டவாளம் போடவில்லை. ஒரு சிக்னல் விளக்கைக்கூட மாற்றவில்லை. இந்தச் சிக்கனத்தை நாடு இன்னும் சரியாகப் பாராட்டவில்லை என்பது எனக்கு உள்ளூர ஒரு குறைதான்.

முன்பிருந்த நிலையைச் சொன்னால்தான் சாதனையின் உயரம் தெரியும். புறநகரிலிருந்து நகரத்துக்கு விடியற்காலையில் ஒரு வண்டி போகும். காலை வேலைக்குப் போகிறவர்களுக்கு அதை விட்டால் வேறு கதியில்லை. வழியில் ஓர் ஆறு. ஆற்றுக்கு ஒரு பாலம். பாலத்துக்கு ஒரே ஒரு பாதை. எதிர்ப்பக்கம் சரக்கு வண்டி வருவதாகத் தகவல் வந்தால் நம் வண்டி இந்தக் கரையில், செங்கல் சூளைகளுக்கு நடுவே நின்றுவிடும். சரக்கு வண்டி எப்போது வரும் என்பது சரக்கு வண்டிக்கே தெரியாது. பயணிகள் சூளைப் புகையைச் சுவாசித்துக்கொண்டு, ரயில்வேயைத் தலைமுறை தலைமுறையாகத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு, நாற்பதைத் தாண்டிப் படித்துத் தேறி, நகரத்து மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக வேலை வாங்கியவள். வேலைக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டைத் துவைப்பதும் தேய்ப்பதும் அவளேதான், வேறு யாரையும் தொட விடமாட்டாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நேரத்துக்கு வருகிறாளா என்று பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்களாம். வண்டி நின்ற நாட்களில் அவள் 'வண்டி லேட்டு சார்' என்பாள். மருத்துவமனையின் நிர்வாக அலுவலரும் அந்த வண்டியின் யோக்கியதை தெரிந்தவர் என்பதால் பேசாமல் தலையாட்டிவிடுவார்.

இந்நிலையில்தான் மேலிடம் விழித்துக்கொண்டு, உள்கட்டமைப்பை மேம்படுத்தும்படி பெருந்தொகை ஒன்றை எங்கள் தலையில் கொட்டியது. உடனே ஆலோசனைக் கூட்டம் கூடியது. நீளமான மேசை, குளிரூட்டிய அறை, தட்டுத் தட்டாக பிஸ்கட். தலைமை இடத்தில் எங்கள் இயக்குநர். அவரை நாங்கள் 'பெரியவர்' என்போம். அவர் தலையை எந்தத் திசையில் அசைக்கிறாரோ அந்தத் திசையில் ஆணையமே அசையும். எதிரே கட்டுமானப் பொறியாளர். வாயைத் திறந்தால் பாலத்தைத் தவிர வேறு பேச்சு வராது என்பதால் அவருக்கு அலுவலகத்தில் 'பாலம்' என்றே பெயர்.

"இன்னொரு பாலம் கட்டிட்டா எல்லாம் சரியாயிடும் சார்," என்றார் பாலம்.

"கட்டி முடிக்க எவ்வளவு நாளாகும்?"

"மூணு வருஷம் ஆகும் சார்."

"நான் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறேன்," என்றார் பெரியவர்.

தொலைநோக்கு என்றால் இதுதான். பாலம் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். பெரியவர் கண்ணை மூடிச் சற்று நேரம் இருந்தார். தூங்குகிறார் என்று சிலர் தப்பாக நினைத்தார்கள். திடீரென்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஒரு வண்டி லேட்டுன்னு எப்பய்யா முடிவு பண்றோம்?"

"போய்ச் சேர்ந்த பிறகு சார்."

"அப்ப போய்ச் சேராத வண்டி?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "லேட்டே இல்லை சார்," என்றேன். கூட்டம் கலைவதற்குள் நேரந்தவறாமைப் பிரிவு பிறந்துவிட்டது, நானும் அதற்கு அதிகாரியாகிவிட்டேன்.

திட்டத்துக்குப் 'புத்துயிர்ப்பு' என்று பெயர் வைத்தது நான்தான். விஷயம் ரொம்ப எளிது. வண்டி சூளைகளுக்கு நடுவே நிற்கிறதா? தாமதமாவதற்கு முன்பே அதன் பயணம் அங்கேயே முடிந்துவிட்டதாக அறிவித்துவிடுவது. சரக்கு வண்டி கடந்ததும் அதே எஞ்சின், அதே பெட்டிகள், அதே பயணிகள், ஆனால் புது எண்ணுடன் ஒரு புது வண்டி அங்கிருந்து கிளம்பும். அது எப்போது கிளம்புகிறதோ அதுதான் அதன் நேரம். தாமதமாக வேண்டும் என்று அதுவே ஆசைப்பட்டாலும் முடியாது.

ஒலிபெருக்கிக்கான வாசகத்தையும் நானே எழுதினேன். 'இந்த வண்டி தன் பயணத்தை இனிதே நிறைவு செய்தது. இறங்க விரும்புவோர் இறங்கலாம். விரும்பாதவர்கள் அடுத்த வண்டியில் ஏறிவிட்டதாகக் கருதப்படுவார்கள்.' இறங்குகிற சிரமம்கூட வேண்டாம் என்று மக்களுக்காக இவ்வளவு யோசிக்கிற நிர்வாகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முதல் நாளிலேயே நூற்றுக்கு நூறு. அதை ஊருக்குச் சொல்ல ஒரு செல்பேசிச் செயலியும் வெளியிட்டோம். எந்த வண்டியைத் தட்டினாலும் பச்சை எழுத்தில் 'இனிதே நிறைவு' என்று வரும்.

சின்னச் சிக்கல் ஒன்று மட்டும் முளைத்தது. பயணிகள் வாங்கியிருந்த டிக்கெட் பழைய வண்டிக்கானது. புது வண்டியில் ஏறிய டிக்கெட் பரிசோதகர், வண்டி முழுக்க வித்தவுட் என்று கண்டுபிடித்துத் தலைகால் புரியாமல் போனார். அவரிடம் ஒரு தையற்காரர் வாதாடியது எங்கள் அலுவலகம் வரை வந்தது.

"நான் ஏறும்போதே டிக்கெட் வாங்கிட்டேனே சார்."

"அது அந்த வண்டிக்கு. அந்த வண்டி முடிஞ்சு போச்சு."

"அப்ப நான் உக்காந்திருக்கிறது எதுல?"

"அது தெரியாமத்தான் டிக்கெட் இல்லாம உக்காந்திருக்கீங்க."

மக்கள் குறையைக் கேட்டு ஆணையம் சும்மா இருக்குமா? புது டிக்கெட் வாங்க வசதியாகச் சூளைகளுக்கு நடுவே ஒரு ரயில் நிலையத்தையே கட்டினோம். மேலிடம் கொட்டிய தொகை அப்படியே உதவியது. பளிங்குத் தரை, குளிரூட்டிய காத்திருப்புக் கூடம், மேலே ஏறிச் சூளைகளைப் பார்வையிட ஒரு நகரும் படிக்கட்டு. கடிகாரம் மட்டும் வைக்கவில்லை. வேண்டாத ஒப்பீடுகளுக்கு நாமே இடம் கொடுக்கக் கூடாது என்பது என் கொள்கை. திறப்பு விழாவில் பாலமும் வந்து ஓரமாக நின்றார். அவர் முகத்தில் ஏன் அவ்வளவு வயிற்றெரிச்சல் என்று புரியவில்லை.

இவ்வளவு செய்தும் நன்றி உள்ளவர்களைக் காணோம். வெளியே போவானேன், என் வீட்டிலேயே இல்லை.

"இன்னைக்கும் சூளைகிட்ட ஒரு மணி நேரம் நின்னுருச்சுங்க," என்றாள் மனைவி, சோற்றைப் பரிமாறிக்கொண்டே.

"எந்த வண்டி?" என்றேன். எங்கள் தொழிலில் துல்லியம் முக்கியம்.

"நான் போற வண்டிதான்."

"நீ ஏறின வண்டி சூளையிலேயே முடிஞ்சிருச்சு, அது லேட் இல்லை. நீ இறங்கின வண்டி சூளையில கிளம்பி டான்னு போய்ச் சேர்ந்திருச்சு, அதுவும் லேட் இல்லை."

"ரெண்டு வண்டியும் லேட் இல்லைன்னா நான் மட்டும் எப்படிங்க லேட்டாப் போனேன்?"

"அதான் எனக்கும் புரியலை. உன்கிட்டதான் ஏதோ கோளாறு."

கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டாள். போட்ட சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். பிறகு மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னாள். நிர்வாக அலுவலர் இப்போதெல்லாம் தலையாட்டுவதில்லையாம். செல்பேசியை எடுத்து எங்கள் செயலியைத் தட்டி, பச்சை எழுத்தைக் காட்டி, 'ஏம்மா பொய் சொல்றீங்க?' என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறாராம். அவள் மட்டுமில்லை. துணிக்கடை, வங்கி, பள்ளிக்கூடம் என்று நகரம் முழுவதும் இத்தனை காலம் வண்டி மேல் பழி போட்டுத் திரிந்த பொய்யர்கள் எங்கள் செயலியால் கையும் களவுமாகப் பிடிபட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படியொரு ஒழுக்கப் புரட்சி ஏற்படும் என்று நாங்களே எதிர்பார்க்கவில்லை.

"வேலை போயிரும் போல இருக்குங்க," என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கட்டியவள் கண்கலங்கினால் யாருக்குத்தான் கேட்கும்? ஆறுதலாக இருக்கட்டும் என்று அந்த மாதத்துப் புள்ளிவிவரங்களை எடுத்துக் காட்டினேன். அவள் பார்க்காமலே எழுந்து போய்விட்டாள்.

கடைசியில் விசாரணை என்று வந்துவிட்டது. 'என் வீட்டுக்காரர்தான் அந்தப் பிரிவுக்கே அதிகாரி, அவரையே கூப்பிட்டுக் கேளுங்க' என்று அவள் சொல்லியிருக்கிறாள். மருத்துவமனையிலிருந்து எனக்கு மரியாதையாக அழைப்பு வந்தது. பெரியவருக்கு ஒரே மகிழ்ச்சி. ஆணையத்துக்கு ஏதோ விருது தருவதாக மேலிடத்தில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. "போய் நல்லாப் பேசிட்டு வாய்யா, நம்ம பேர் கெட்டுடாம பாத்துக்க," என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

அவள் வேலைக்கு வர வேண்டிய நேரத்துக்கே விசாரணையை வைத்திருந்தார்கள். அன்றும் வழக்கம்போல் இருட்டோடு இருட்டாக வண்டியைப் பிடிக்கக் கிளம்பினாள். வாசலில் ஒரு கணம் நின்றாள்.

"எனக்காகப் பொய்யெல்லாம் சொல்ல வேணாங்க. நடக்கிறதை மட்டும் சொல்லுங்க, போதும்."

அவள் போன பிறகு நான் சாவகாசமாகச் சவரம் செய்து, இரண்டாவது காபியையும் முடித்துக்கொண்டு கிளம்பினேன்.

நிர்வாக அலுவலரின் அறையில் மருந்து வாசனை லேசாக அடித்தது. கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தால் மருந்து கொடுக்கும் இடம் தெரிந்தது. கதவு இன்னும் திறக்கவில்லை. சீட்டும் கையுமாக நோயாளிகள் வரிசையில் நின்றிருந்தார்கள். எனக்கு நல்ல நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். டீ முடிந்தது, குறித்த நேரமும் தாண்டியது. அவளைக் காணவில்லை. அலுவலர் செல்பேசியைத் தட்டிப் பார்த்தார்.

"வண்டி இனிதே நிறைவுன்னு காட்டுதே சார். அம்மாவை மட்டும் காணோமே."

"காட்டினா சரியாத்தான் இருக்கும்," என்றேன்.

வெகுநேரம் கழித்து அவள் வந்தாள். ஸ்டேஷனிலிருந்து ஓடியே வந்திருக்கிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது. முகமெல்லாம் வேர்வை. கசங்கிவிடக் கூடாது என்று வெள்ளைக் கோட்டை மட்டும் மடித்துக் கையில் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தப்பித்தேன் என்பது போல லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் சிரிக்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"சார் இருக்கிறாரே, அவரே சொல்லட்டும்," என்றார் அலுவலர். "இன்னைக்கு வண்டி லேட்டா சார்?"

எனக்குப் பெரியவரின் முகம் ஞாபகம் வந்தது. விருது ஞாபகம் வந்தது. அந்தக் கோட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன்.

"இல்லை சார். எங்க வண்டி எதுவும் லேட்டாகிறதில்லை."

"அப்ப அம்மாதான் லேட்டு," என்று அலுவலர் பேனாவைத் திறந்தார்.

அவள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பாராமல் அலுவலரைப் பார்த்தே பேசினாள்.

"நானும் இவரும் ஒரே வீட்லேருந்துதான் சார் வர்றோம். நான் இருட்டோட கிளம்பினேன். இவர் எனக்கப்புறம் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் கிளம்பியிருப்பாரு. ஆனா எனக்கு முன்னாடி வந்து டீயும் குடிச்சிட்டாரு. எதுல வந்தாருன்னு மட்டும் கேளுங்க சார்."

அலுவலர் என் பக்கம் திரும்பினார்.

"ஆபீஸ் கார்ல," என்றேன்.

"ஏன் சார், உங்க ரயில் இருக்கே?"

நேரந்தவறாமைப் பிரிவின் அதிகாரியல்லவா, யோசிக்காமலே பதில் வந்துவிட்டது.

"நேரத்துக்கு வந்து சேரணுமே சார்."