தலைவர்கள் நிற்க ஒரு மரம்

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. மகா அறிவாளி என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரை வைத்ததும் அதுவேதான். ஏனென்றால் அந்த முள்ளம்பன்றி நான்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ஈட்டியப்பன்.

எங்களுடையது மேல்காடு. எங்களைத் தாண்டி ஓடும் ஓடை கீழ்க்காட்டுக்குப் போகும். போன மழைக்காலத்தில், சரியாக எல்லையில், ஒரு பெரிய மருதமரம் ஓடைக்குக் குறுக்கே சாய்ந்துவிட்டது. தண்ணீர் எங்கள் பக்கம் குளமாகத் தேங்கியது. கீழ்க்காட்டுக்குச் சேறுதான் மிஞ்சியது.

"மரத்தை எடுங்கள்" என்று கீழ்க்காட்டுப் புலிராஜா ஆள் அனுப்பினார்.

"அது தானாக விழுந்த மரம். தானாகவே எழுந்து போகட்டும்" என்றார் எங்கள் சிங்கராஜா.

சண்டை வந்துவிடும் போலிருந்தது. மலைக்காட்டுக் கரடியார் நடுவில் புகுந்து, "மூன்று காட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து பேசுவோம். எல்லையிலேயே மாநாடு போடுங்கள்" என்றார். ஏற்பாடு முழுவதும் என் தலையில் விழுந்தது. என் திறமைக்குக் கிடைத்த பொறுப்பு என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில், என் அருகில் உட்கார்ந்து வாதாட யாருக்கும் தைரியம் இல்லை.

கீழ்க்காட்டின் சார்பில் ஒரு சருகுமான் வந்தாள். மருக்கொழுந்து என்று பெயர். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். உதடு வறண்டு வெடித்திருந்தது.

வந்ததும் கேட்டாள்: "சார், தண்ணி விஷயம்..."

"அது தலைவர்கள் பேசவேண்டியது மேடம். நம்ம லெவல் இல்ல. முதல்ல நாற்காலியை முடிப்போம்."

நாற்காலி லேசில் முடியவில்லை. இரண்டு ராஜாவும் ஒரே உயரத்தில் உட்கார வேண்டும். ஆனால் எங்கள் ராஜாவுக்குப் பிடரி இருப்பதால் ஒரு சாண் கூடுதலாகத் தெரிவார். புலிக்கு ஒரு மெத்தை போடச் சொன்னாள் மருக்கொழுந்து. போட்டால் எங்கள் ராஜா கர்ஜிப்பார் என்றேன் நான். பிடரியைப் பின்னிவிடலாமா என்றுகூட யோசித்தோம். யார் பின்னுவது?

அதற்குள் வரவேற்பு நடனம் ஆட வந்த முயல்கள் என்னைச் சூழ்ந்துகொண்டன. "சார், நாங்க கலைநிகழ்ச்சியில இருக்கமா, விருந்துல இருக்கமா?"

"அது இன்னும் முடிவாகல. நீங்க ஒத்திகையை நிறுத்தாதீங்க."

இப்படி நான் மூழ்கியிருந்தபோது வேழமுத்து வந்து நின்றான். பந்தல் வேலைக்கு வந்த யானை.

"சார், கம்பளம் விரிக்கிற வழியில ஒரு மரம் கெடக்கு. எடுத்துரட்டுமா?"

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இதையெல்லாம் என்கிட்ட கேக்கணுமா? எடு."

எடுத்துவிட்டான்.

சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். தேங்கியிருந்த தண்ணீர் நுரை கட்டிக்கொண்டு கீழ்க்காட்டுக்குப் பாய்ந்தது. அங்கே புதர்களிலிருந்து மான்களும் காட்டுக்கோழிகளும் ஓடி வந்தன. மருக்கொழுந்தின் குட்டிகள் இரண்டும் வயிறு உப்பக் குடித்துவிட்டு, தண்ணீரிலேயே படுத்துக்கொண்டன. அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். என்னை யாரும் அப்படிப் பார்த்ததே இல்லை. என் முள்ளெல்லாம் படிந்துவிட்டது.

கொஞ்ச நேரம்தான். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மரம் இல்லையென்றால் பிரச்சினை இல்லை. பிரச்சினை இல்லையென்றால் மாநாடு எதற்கு? கரடியார் மலையிலிருந்து புறப்பட்டுவிட்டார். எங்கள் ராஜா பேச்சை மனப்பாடம் செய்து, குகைக்குள் எதிரொலியோடு பழகிக்கொண்டிருந்தார்.

"மேடம்," என்றேன் மெதுவாக, "மரத்தைத் திரும்ப வச்சுரலாம்."

"சார்! பிள்ளைங்க இப்பத்தான் குடிக்குதுங்க."

"மாநாடு முடியிற வரைக்கும்தான். தலைவர்களே பேசி முறைப்படி எடுத்தா அது நிரந்தரம். இப்ப எடுத்தது வெறும் தற்செயல். இதுக்கு மதிப்பே கிடையாது. உங்க ராஜாவும் தாகத்தைப் பத்தித்தானே பேச வர்றார்? வந்த இடத்துல தண்ணி ஓடினா அவர் மூஞ்சியை எங்க வச்சுக்குவார்? அப்புறம் யார்மேல பாய்வார்?"

கடைசிக் கேள்வி அவளுக்குப் புரிந்தது. குட்டிகளைக் கரைக்கு வரச் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

வேழமுத்து மரத்தைத் தூக்கிக்கொண்டே முனகினான். "பெரிய எடத்து வேலைன்னாலே இப்படித்தான்."

மாநாடு பிரமாதமாக நடந்தது. நான் செய்தது ஆயிற்றே! சிங்கராஜா நீரின் பெருமையைப் பேசினார். புலிராஜா தாகத்தின் கொடுமையைப் பேசினார். கரடியார் இரண்டுக்கும் தலையாட்டினார். மரத்தை எடுப்பது பற்றிப் பேச்சு வரும் நேரத்தில், "முதலில் படம் எடுத்துக்கொள்வோம், வெளிச்சம் நன்றாக இருக்கிறது" என்றார்.

யார் நடுவில் நிற்பது, யார் மேட்டில் நிற்பது என்று உறுமல் தொடங்கியது. நான் ஓடிப்போய், "ராஜா, அந்த மரத்துமேல் நின்றால் எல்லோரும் சமம்" என்றேன். மூவரும் ஏறி நின்றார்கள். கால் வழுக்கியதில் சிங்கமும் புலியும் ஒருவரையொருவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பார்த்தவர்கள் கட்டித் தழுவுகிறார்கள் என்று நினைத்துக் கைதட்டினார்கள். தலைவர்களும் அப்படியே நம்பிவிட்டார்கள். கரடியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிவித்தார்:

"பகை தீர்ந்த இடம் இது. இந்த மரத்தை இனி யாரும் தொடக்கூடாது!"

மரத்தைச் சுற்றி வேலி போட்டார்கள். 'நட்பு மரம்' என்று பலகை வைத்தார்கள். எனக்கு மாலை போட்டார்கள். அது முள்ளில் சிக்கி இன்னும் கழன்று வரவில்லை. அத்தோடு, மரத்துக்கு நிரந்தரக் காப்பாளராக என்னையே நியமித்தார்கள்.

விருந்து முடிந்தபோது நடனக் குழுவில் முயல்கள் குறைந்திருந்தன. நான் விசாரிக்கவில்லை.

இப்போது மருக்கொழுந்து தினமும் காலையில் குட்டிகளோடு எல்லைக்கு வருகிறாள். வேலிக்கு இந்தப் பக்கம் குளம் நிறையத் தண்ணீர். உள்ளே விட எனக்கு அதிகாரம் இல்லை. நட்பு மரத்தைப் பார்க்க வருகிறவர்களை மட்டும் விடலாம்.

"எதுக்கு வந்தீங்க மேடம்?" என்று கேட்கிறேன்.

"மரத்தைப் பார்க்க, சார்" என்கிறாள் அவள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

நீதி: வழியில் மரம் கிடந்தால் எடுத்துவிடாதீர்கள். தலைவர்கள் வந்தால் எதன்மேல் நிற்பார்கள்?