காப்புக் கட்டிய வாரத்தில் ஒரு படப்பிடிப்பு

மரியாதைக்குரிய மச்சான் திருநாவுக்கரசு அவர்களுக்கு,

பகாவ் எஸ்டேட்டிலிருந்து மைத்துனன் அர்ச்சுனன் வணக்கத்துடன் எழுதுவது. சிரம்பானில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் மாரியம்மன் அருளால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். சாக வேண்டியிருந்த ஒருவரும் சுகம். அதுதான் இப்போது சங்கடம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் மாதவி கல்லூரி விடுமுறையில் கோலாலம்பூரில் தொலைக்காட்சி நாடகம் எடுக்கும் ஒரு கம்பெனியில் பிராக்டிகல் செய்வது உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொல்லித்தானே டைரக்டர் புனிதன் அவளைச் சேர்த்துக்கொண்டார். அவர் நல்லபடியாக ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அவள் பாஸ். போன வாரம் போன் செய்தாள். "அப்பா, நம்ம எஸ்டேட்டு லயத்து வரிசையில ஷூட்டிங்குக்கு ஒரு வூடு கெடைக்குமா? இடம் பாக்குற வேலைய என்கிட்டதான் குடுத்திருக்காங்க" என்றாள். "கெடைக்கும்லா, வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டேன். என்ன காட்சி என்று கேட்கத் தோன்றவில்லை. நாடகத்தில் மழை பெய்யும்போது கேமராக்காரர் எங்கே நிற்கிறார் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்; அந்த ஆர்வத்தில் புத்தி அந்தப் பக்கம் போய்விட்டது.

வந்தார்கள். நானும் காலையில் பசியாறிய கையோடு போய் நின்றுவிட்டேன். மச்சான், ஒருவர் "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்வதை எத்தனை தடவை எடுக்கிறார்கள் தெரியுமா? முதல் தடவையே அவர் நன்றாகத்தான் சொன்னார். மாதவிக்கு என்ன வேலை என்று பார்த்தால், வெள்ளித்தாள் ஒட்டிய பலகையைப் பிடித்து வெயிலை நடிகர் முகத்தில் திருப்பிவிடுகிறாள், நடுநடுவே அடுத்த வீட்டு வள்ளியம்மாவின் கோழிகளை விரட்டுகிறாள். பட்டப்படிப்பில் இதற்குத் தனிப் பாடம் உண்டா என்று கேட்டேன். "சும்மா இருங்கப்பா" என்றாள். அந்த நேரத்தில்தான் லாரியிலிருந்து பச்சை மூங்கிலை இறக்கினார்கள். அப்புறம் பாடை, சங்கு, சாவு மேளம்.

அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது, மச்சான். கோயில் தலைவர் நான். என் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. காப்பு அவிழ்க்கிற வரை எஸ்டேட்டில் யாரும் சாவுக்குப் போவதில்லை, சாவு மேளம் கேட்கவும் கூடாது. வள்ளியம்மா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். "தலைவரே, உங்க பொண்ணு சாவு எடுக்குதாம், நீங்க வேடிக்க பாக்குறீங்களாம். நல்லாருக்குலா!" மாதவி என்னைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. புனிதனோ, "வெளக்கு, கேமரா எல்லாம் இன்னிக்கு ஒரு நாள் வாடகைக்கு எடுத்தது. இதைக் கெடுத்தீன்னா ரிப்போர்ட்ட மறந்துடு" என்று அவளிடம் கத்துகிறார். பிள்ளையைப் பார்ப்பதா, அம்மனைப் பார்ப்பதா?

கடைசியில் வள்ளியம்மாதான் வழி சொன்னார். "பொணமா படுத்தாத்தானே தீட்டு? சீக்காளியா படுக்கட்டும்." புனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். இங்கே சாகக் கிடப்பது, அடுத்த வாரம் வேறு ஊரில் சாவது என்று ஏற்பாடு. நடிகர் கணேசமூர்த்தி பாயில் படுத்தார். சுற்றி நின்று அழ நம் லயத்துப் பெண்கள். ஆனால் அவர்களுக்கு அழ வரவில்லை, வேண்டுதல்தான் வந்தது. திருவிழா நேரம் பாருங்கள். வள்ளியம்மா கேமராவை மறந்தே போனார். கோயிலுக்கு ஓடி வேப்பிலையும் திருநீறும் கொண்டுவந்து அந்த மனிதர் நெற்றியில் பூசி, "ஆத்தா, இந்த உசுரக் குடுத்துடு தாயே" என்று கதறினார். எனக்கே கண் கலங்கிவிட்டது. அப்போது கணேசமூர்த்தி மெல்லக் கண்ணைத் திறந்தார், எழுந்து உட்கார்ந்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டார்! பெண்கள் போட்ட குலவை பகாவ் பாசார் வரை கேட்டிருக்கும். இறந்துபோனால் நாடகத்தில் அவருக்கு வேலை முடிந்தது. அதனால்தான் பிழைத்துக்கொண்டார் என்று மாதவி பிறகு சொன்னாள்.

திரும்ப எடுக்கலாம் என்றால் ஒருவரும் நிற்கவில்லை. "அம்மன் பொழைக்க வச்ச ஆள மறுபடி படுக்க வைப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வேடிக்கை பார்த்த பையன்கள் எடுத்த இந்தக் காட்சி சாயங்காலத்துக்குள் எல்லோர் கைத்தொலைபேசியிலும் ஓடியது. இனி நாடகத்தில் அவரைக் கொல்ல முடியாது. ஆனால் அவர் செத்தால்தான் மகன்கள் சொத்துக்கு அடித்துக்கொள்ள முடியும், கதையே அதுதானாம். புனிதன் மாதவியிடம், "சாவுக்கு இடம் பாக்கச் சொன்னேன், நீ சாவையே காணாம பண்ணிட்டே. ரிப்போர்ட்ல என்னத்த எழுதுறது?" என்றாராம். பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். நீங்கள்தான் அவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். தப்பு என்னுடையது, அவளுடையது அல்ல.

என் வீட்டுக்காரி லெட்சுமி, அக்காவை மிகவும் கேட்டதாக எழுதச் சொன்னாள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அம்மன் உங்கள் வீட்டில் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் மாறாத அன்புள்ள
அர்ச்சுனன்
(கோயில் தலைவர்)

பி.கு.: மச்சான், புனிதனிடம் ஒன்றும் பேசிவிடாதீர்கள். கடிதத்தை உறையில் போடுவதற்குள் மாதவி போன் செய்துவிட்டாள். வழி கண்டுபிடித்துவிட்டார்களாம். நாடகத்தில் அண்ணன் பிழைத்த சந்தோஷம் தாங்காமல், பிள்ளை இல்லாத தம்பி செத்துவிடுவாராம், அவர் சொத்துக்கு அண்ணன் மகன்கள் அப்படியே அடித்துக்கொள்வார்களாம். தம்பிக்குக் கணேசமூர்த்தியின் சாயல் வேண்டுமாம். என் முகம் அப்படியே இருக்கிறதாம். காப்பு அவிழ்த்த மறுநாள் நான் பாடையில் படுத்தால் அன்றைக்கே கையெழுத்து. எனக்கும் பாடையிலிருந்து பார்த்தால் எல்லாம் எப்படித் தெரியும் என்று அறிய ஆசைதான். லெட்சுமியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் பயந்தேன். அடுப்படி வாசலில் நின்று மெதுவாகச் சொன்னேன். அவள் கரண்டியைக்கூட கீழே வைக்கவில்லை. "புள்ள பாஸாகணும்னா செத்துத் தொலைங்க" என்றாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் கேட்டு அவள் உடனே சரி என்றது இதற்கு மட்டும்தான்.