என் கால்சட்டையும் அவர்களுடைய புதிய ஒலியும்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நலம். அங்கு நீங்களும் வீட்டாரும் நலமாகவும், முக்கியமாக நிசப்தமாகவும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதை இடுப்பில் துண்டோடு எழுதுகிறேன். காரணம் நீங்கள். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, “ரெண்டு தடவைதான் ஓட்டியிருக்கோம் அத்தான், புதுசு மாதிரி” என்று ஒரு வாஷிங் மெஷினை இறக்கினீர்களே, அது வந்த நாள்முதல் ‘தடக்… தட’ என்று சத்தம் போடுகிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் நூலகத்தில் ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்தவனுக்கு ஓய்வுக்காலம் இப்படி வாய்த்தது.

உங்கள் மருமகள், அதாவது என் மகள், ஒரு ராக் இசைக்குழுவில் பாடுவது உங்களுக்குத் தெரியும். முதல் பாட்டை நாற்பது முறை கேட்டிருக்கிறார்கள். அதில் பதினொன்று நான். இப்போது வெளியிடப்போகும் பாட்டுக்குப் புதிய ஒலி வேண்டுமாம். பீரோவைத் தட்டினார்கள், ஏணியை இழுத்தார்கள், கடைசியில் மகள் மெஷின் முன்னால் வந்து நின்று, “அப்பா, இந்தச் சத்தத்தைத்தான் ஒரு மாசமா தேடிக்கிட்டிருந்தோம்” என்றாள். நான் இரண்டு வருடமாக அதனிடமிருந்துதான் தப்பி ஓடிக்கொண்டிருக்கிறேன். வெறும் மெஷினில் அந்தச் சத்தம் சரியாக வராதாம், என் இரண்டு கால்சட்டையும் ஒரு போர்வையும் போட்டால்தான் வருமாம், டிரம்ஸ் அடிப்பவர் தன்னுடையதைப் போட்டுப் பார்த்து, “உங்க பேண்ட்ல இருக்கிற கனம் இதுல இல்ல அங்கிள்” என்று வருத்தப்பட்டார். ஒன்பது நாளில் பதினேழு முறை துவைத்தாயிற்று. நீலக் கால்சட்டைக்கு இப்போது எந்த நிறமும் இல்லை. இன்று நான் ஓய்வூதிய அலுவலகத்துக்கு நேரில் போய், உயிரோடிருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். இரண்டும் மெஷினில் சுற்றுகின்றன. உங்கள் அக்காவிடம் முறையிட்டால், “நாளைக்குப் போங்க, அதுவரைக்கும் இருக்க மாட்டீங்களா?” என்கிறாள்.

போன வாரம் மெக்கானிக்கை அழைத்தேன். பின்பக்கத்தில் ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது, ஐந்து நிமிட வேலை என்றார். அதற்குள் அவருக்குப் பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டார்கள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “முடிச்சிக்கட்டும் சார், அப்புறம் வர்றேன்” என்று ஸ்பேனரைக்கூட மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நாளைக் காலை பத்து மணிக்கு ஒலிப்பதிவு. “இதுவும் எடுபடலேன்னா குழுவைக் கலைச்சிடுவோம்பா” என்று நேற்று சொன்னாள். நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஆகவே இன்று மாலைக்குள் ஒரு வேனோடு வந்து உங்கள் அன்பளிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவும். இக்கடிதத்தைக் கொண்டுவருபவர்தான் டிரம்ஸ் அடிப்பவர். முடிந்தவரை அங்கேயே உட்கார வைக்கவும்.

உங்கள் வீட்டில் அனைவருக்கும் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள், கையில் வாத்தியம் எதுவும் இல்லாத பட்சத்தில்.

இப்படிக்கு,
துண்டோடு,
அத்தான்

பி.கு.: வேன் வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் மெக்கானிக் வந்துவிட்டார். துண்டோடு நான் படும் பாட்டைப் பார்த்து உங்கள் அக்காதான் கூப்பிட்டாளாம். போல்ட்டை முடுக்கிவிட்டார். மெஷின் இப்போது பூனை மாதிரி ஓடுகிறது. மகள் அதன் முன்னால் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் கால்சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்து, “பரவாயில்லப்பா, நீங்க ஆபீஸ் போயிட்டு வாங்க” என்றாள். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் போயிருப்பேன். மெக்கானிக் இந்த முறையும் ஸ்பேனரை மறந்துவிட்டார். அதை எடுத்து நானே போல்ட்டைத் தளர்த்தினேன். இரண்டு சுற்றுத் தளர்த்தினால் ‘தடக்’ மட்டும் வருகிறது, மூன்றுக்கு மெஷினே நடக்கிறது, அந்தத் ‘தட’ வரவில்லை. எங்களுக்குக் கொடுக்கும் முன் அந்தப் போல்ட்டை நீங்கள் எத்தனை சுற்றுத் தளர்த்தி வைத்துக் காலம் தள்ளினீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த ‘ரெண்டு தடவை’ பற்றி உங்கள் அக்காவிடம் மூச்சுவிட மாட்டேன். டிரம்ஸ் அடிப்பவரின் பைக்கிலேயே ஏறி உடனே வரவும். கால்சட்டையை மறுபடியும் உள்ளே போட்டுவிட்டேன்.