குடை கொடுத்து வருத்தம் தெரிவிப்பவர்

புகைப்படம் எடுக்கப் போகிறார்கள் என்றால் சாதாரண மனிதர்கள் தலைமுடியைத் தடவிக்கொள்வார்கள், வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். எங்கள் டெர்லிஸ் பெனேகாஸ் உங்கள் முழங்கையைப் பிடிப்பார். பல் வைத்தியர் தாடையைத் திருப்புவதுபோல மெல்ல உங்களைத் திருப்பி, முதுகுக்குப் பின்னால் தொலைக்காட்சியின் சின்னம் முழுசாகத் தெரியும்படி நிறுத்துவார். ஏழு வருடம் பார்த்திருக்கிறேன். பேராயரைத் திருப்பியிருக்கிறார், கால்பந்து வீரரைத் திருப்பியிருக்கிறார், சொந்த மாமனார் இறந்த வீட்டில் மாமியாரையே திருப்பியிருக்கிறார். அலுவலகம் அனுப்பிய மலர்வளையம் அந்தப் பக்கம் இருந்தது.

இவர்தான், வாசகரே, செய்தித் தொலைக்காட்சியின் மக்கள் தொடர்பு அதிகாரி. நடந்ததைச் சொல்வது நிருபர் வேலை. நடந்தது வெளியே தெரியாமல் போனதற்குப் பாராட்டு வாங்குவது இவர் வேலை. டெர்லிஸும் நிருபராகத்தான் தொடங்கினார். வெள்ளத்தில் நின்று நேரலையில் பேசும்போது, வீடிழந்த குடும்பத்தை மறைத்துக்கொண்டு நிலையம் கொடுத்த புது மழைக்காலணிகளைக் காட்டினார். அன்றே மேலதிகாரிகள் அவருடைய உண்மையான திறமையைக் கண்டுகொண்டார்கள்.

இந்த அதிகாரி இனத்தின் அகராதியில் 'நான்' கிடையாது. எல்லாம் 'நாங்கள்'. தப்பு என்பதும் கிடையாது. 'அப்படி யாருக்காவது தோன்றியிருந்தால்' உண்டு. இதையெல்லாம் அவருக்குக் கீழே உட்கார்ந்து கற்றுக்கொண்டவள் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். எங்கள் ஊர் காகுவாசூவில் இருக்கும் அம்மா முதல் மாதமே கேட்டாள்: "டிவில வேலைன்னியே, எப்பதாண்டி மூஞ்சி தெரியும்? பக்கத்து வீட்டுக்காரிய எத்தன நாள் ஏமாத்துறது?" நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "உங்க ஆர்வத்துக்கு நன்றி, அம்மா" என்றேன். அம்மா போனை வைத்துவிட்டாள். பட்டப்படிப்பு வீண்போகவில்லை.

இனி இந்த இனம் வேலை செய்யும் அழகைப் பாருங்கள். எங்கள் வாசலுக்கு எதிரே ஃபெலிசியானா மூலிகை விற்கிறாள். எங்கள் தலைநகர் அசுன்சியோனில் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானம் குடிக்காமல் முற்பகல் நகராது. அந்த ஐஸ் தண்ணீரில் போடும் புதினாவையும் எலுமிச்சைப் புல்லையும் அவள் உரலில் இடித்துக் கொடுப்பாள். எங்கள் செய்திப் பிரிவே அவள் கையால் குளிர்ந்த கூட்டம். ஒரு நாள், சாக்கடைத் தண்ணீரில் மூலிகை கழுவி விற்கிறார்கள் என்று எட்டு மணிச் செய்தியில் ஒரு புலனாய்வு. குற்றம் நடந்தது நகரத்தின் மறுகோடியில். அங்கே போக வெயில். ஒளிப்பதிவாளர் எலாதியோ வாசலைத் தாண்டி நாலடி நடந்து, அகப்பட்ட முதல் மூலிகைக்காரியைப் படம் பிடித்துவிட்டார். 'சாக்கடை' என்று குரல் சொல்ல, திரையில் ஃபெலிசியானா சிரித்துக்கொண்டே புதினா இடித்தாள்.

மறுநாள் அவளிடம் ஒருவரும் வாங்கவில்லை. அதில் வியப்பில்லை. எங்கள் ஆட்களும் வாங்கவில்லை! செய்தி எழுதியவர், படத்தொகுப்பு செய்தவர், எல்லாரும் வெயிலில் இரண்டு தெரு நடந்து வேறொருத்தியிடம் போனார்கள். எலாதியோவும் கூடவே.

"யோவ், நீதானே அவளப் படம் எடுத்தே?" என்று கேட்டேன்.

"எடுத்தது நான்தான். ஆனா டிவில பாத்தப்போ ஒரு மாதிரி இருந்துச்சும்மா. எதுக்கு வம்பு?"

நானா? நான் படித்தவள், இரண்டு பக்கமும் பார்ப்பவள். அவளிடமே வாங்கினேன். குடிக்காமல் மேசைத் தொட்டிச் செடிக்கு ஊற்றினேன். செடி அமோகமாக வளர்ந்தது.

ஃபெலிசியானா படியேறி வந்தாள். டெர்லிஸ் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து வரவேற்றார்.

"சாக்கடைக்காரின்னு என் மூஞ்சிய காட்டிட்டீங்களே சார்."

"உங்க மனசு புண்பட்டிருந்தா, அத நாங்க ரொம்ப மதிக்கிறோம்மா."

"எத மதிக்கிறீங்க, புண்ணையா?"

"உங்க உணர்வ."

"உணர்வு கெடக்கட்டும். அந்தச் செய்தி வாசிக்கிற பொண்ணு, அதே எட்டு மணிக்கு, 'அது ஃபெலிசியானா இல்ல, தப்பா காட்டிட்டோம்'னு ஒரு வரி சொல்லணும். அவ்ளோதான். எனக்கு வேற தொழில் தெரியாது சார்."

ஒரு வரி! அவள் கட்டடத்தின் பாதியைக் கேட்டிருந்தால் டெர்லிஸ் அதை ஆராய ஒரு குழு அமைத்திருப்பார். திருத்தம் சொன்னால் தப்பு நடந்தது என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே? எனவே அவளை ஸ்டுடியோ சுற்றிக் காட்டினார், செய்தி வாசிப்பவரின் நாற்காலியில் உட்காரவைத்தார், பீங்கான் கோப்பை கொடுத்தார், கடைசியில் எங்கள் சின்னம் பெரிதாக அச்சிட்ட ஒரு பெரிய குடையைக் கொடுத்தார்.

"ஒரு வரி?" என்றாள் அவள்.

"அது முடியாம எங்க ஆபீஸ் நாற்காலிய விட்டு நாங்க போகமாட்டோம், ஃபெலிசியானாம்மா. இது வாக்கு."

வெயில் கடுமை. குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள், பாவம். அதுவரை அவளை அடையாளம் தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. "அந்த டிவில காட்டினாங்களே, அந்தச் சாக்கடைக்காரி இவதான்டா. குடையப் பாரு, அதே டிவி!"

எந்தப் பத்திரிகையும் இதை எழுதவில்லை. அதற்காக டெர்லிஸுக்கு ஆண்டு விழாவில் ஒரு கேடயம் கிடைத்தது. கேடயத்தைப் பார்த்து ஓர் அமைச்சகம் அவரை அழைத்துக்கொண்டது. வழியனுப்பு விருந்தில் சோளமாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட 'சோபா' ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கினார்: "நாங்கள் பிரிகிறோம்." அவர் ஒருவர்தான் பிரிந்தார். பின்கதவு வழியாக; முன்வாசலுக்கு எதிரே அந்தக் குடை விரிந்திருந்தது.

அவருடைய நாற்காலி இப்போது எனக்கு. சுழலும் நாற்காலி, நல்ல வசதி. ஆசிரியர் குழுவிடம் அந்த ஒரு வரியைக் கேட்டு எழுதலாம் என்று முதல் வாரமே உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் படித்தபோது அதில் 'அப்படி யாருக்காவது தோன்றியிருந்தால்' இருந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் இருந்தது, வேறு இடத்தில்.

நேற்று ஃபெலிசியானா மறுபடி படியேறி வந்தாள். கடையை மூடி இரண்டு மாதமாகிறது. உரல் மட்டும் இன்னும் விற்கவில்லையாம்.

"படிச்ச பொண்ணே, நீயாவது சொல்ல வைப்பியா?"

வாயைத் திறந்தேன். "உங்க நெலமைய நாங்க..."

"அந்த 'நாங்க'ல நீ எங்கடி இருக்கே?"

நீங்கள் சிரிக்கிறீர்கள், வாசகரே. நல்லது. தப்பாகப் பேசிவிட்டு மறுநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் இனிப்பு வாங்கிவந்தவர் யார்? 'நீ அப்படி நெனச்சிருந்தா சாரி' என்று கைப்பேசியில் தட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர் யார்? எங்கள் துறையில் ஓரிடம் காலியாக இருக்கிறது. உங்களுக்குப் பயிற்சிகூடத் தேவைப்படாது.

டெர்லிஸ் அமைச்சகத்தில் நலமாக இருக்கிறார். அந்த ஒரு வரியை இன்றுவரை யாரும் வாசிக்கவில்லை. ஃபெலிசியானா எட்டு மணிச் செய்தியை ஒரு நாளும் விடாமல் பார்க்கிறாள், தலைப்புகளிலிருந்து வானிலை முடியும்வரை.