லாரி நின்ற இடத்துக்குப் பச்சைப் பொட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நானும் உன் மாப்பிள்ளையும் நலம், என் முழங்கால் நீங்கலாக. நீயும் அண்ணியும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் இதற்குள் நாலு தடவை போன் செய்திருப்பாய்.

நம் தெருக்கோடி மைதானத்தில் அடுக்குமாடி வீடுகள் கட்டலாம் என்று மாவட்டத்தின் இருபதாண்டுத் திட்டத்தில் போட்டிருப்பதைக் கேட்டு, "எப்பாடுபட்டாவது தடுத்துடு, ரிடையராகி வந்து நான் அங்கதான் உட்காரப்போறேன்" என்று குதித்தாய் அல்லவா? கூட்டங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் உனக்காகக் கருத்துக் கேட்புக்குப் போனேன்.

எதிர்காலத்துக்கான கூட்டம் என்றார்கள். வந்தவர்களில் நான்தான் இளையவள்; கிட்டத்தட்ட ஐம்பது வயதில் என்னைப் "பாப்பா, அந்த ஜன்னலைச் சாத்து" என்றார்கள். சுவரில் பெரிய வரைபடம். ஆளுக்குக் கொஞ்சம் ஒட்டுப் பொட்டு கொடுத்து, இருக்கிறபடியே இருக்கவேண்டிய இடத்தில் பச்சை, கட்டடம் வரலாம் என்ற இடத்தில் சிவப்பு ஒட்டச் சொன்னாள் திட்ட அதிகாரி, சின்னப் பெண். எல்லாரும் சொந்த வீட்டில் பச்சையும் பக்கத்து வீட்டில் சிவப்பும் ஒட்டினார்கள். போதாததற்கு மின்விசிறிக் காற்றில் பொட்டுகள் பறந்து, நம் கணக்கு சார் முதுகில் ஒரு சிவப்பு ஒட்டிக்கொண்டது. மனுஷர் இடிக்கத் தகுந்தவராகவே கூட்டம் முழுக்க உலாவினார். "இருபது வருஷம் கழிச்சு என்ன வேணும்?" என்று அந்தப் பெண் கேட்கக் கேட்க, நாற்பது வருஷத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்றே எல்லாரும் பதில் சொன்னார்கள். "இளவட்டங்களுக்கு வாடகைக்குக்கூட வீடு கிடைக்கலைங்க, அதுக்குத்தான் இந்த வீடுகள்" என்றாள். வேற்றூரில் மூன்று பெண்களோடு ஒரே அறையில் கிடக்கும் என் மகளை, உன் மருமகளை, ஒரு கணம் நினைத்தேன். உடனே நீ குதித்ததும் நினைவுக்கு வந்தது, எழுந்துவிட்டேன்.

மழைநீர் வடிகால் பற்றி நறுக்கென்று பேசத்தான் தயார் செய்திருந்தேன். வாயைத் திறந்தால் லாரி வந்துவிட்டது. நம் சின்ன வயதில் எஞ்சின் இல்லாமல் வருஷக்கணக்காக மைதானத்தில் நின்றதே, அந்த லாரி. நீ டிரைவர், நான் கிளீனர். மலைப்பாதை வந்துவிட்டது என்று நீ உடம்பைச் சாய்ப்பாய், நானும் சாய்வேன். ஒருநாள்கூட ஸ்டியரிங்கைத் தரமாட்டாய், "பொம்பளப் புள்ளைக்கு லைசென்ஸ் கிடையாது" என்பாய். அதையெல்லாம் சொன்னேன். எனக்கே வெட்கமா இருந்தது.

"அந்த லாரி இப்ப இருக்கா மேடம்?" என்றாள் அந்தப் பெண்.

"இல்ல."

"அப்ப எதைப் பாதுகாக்கணும்?"

உடனே நம் தெரு பேக்கரிக்காரர் எழுந்து, "பாப்பா, அது லாரியே இல்ல, பஸ்ஸு. நான் பின் சீட்டுல தூங்கியிருக்கேன்" என்றார். "தூங்குனவனுக்கு என்னய்யா தெரியும்? லாரிதான்!" என்று கணக்கு சார் எகிறினார். அவ்வளவுதான். மாவட்டத்தின் இருபது வருஷ வளர்ச்சி ஓரமா நின்னுது, லாரியா பஸ்ஸா என்று கை தூக்கச் சொல்லி பஸ்ஸை ஜெயிக்க வச்சுட்டாங்க. அந்தப் பெண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த அமளியில் என் பச்சைப் பொட்டு அத்தனையையும் மைதானத்தின் மேல் ஒட்டிவிட்டு வந்தேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் ஒட்டினார்கள். உன் மைதானம் பிழைத்தது, நிம்மதியாகத் தூங்கு.

அண்ணிக்கு என் அன்பு. உன் ரத்த அழுத்தத்துக்கு என் வணக்கம். எல்லாரும் சௌக்கியமாக இருங்கள்.

உன் தங்கை

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உன் மருமகள் லீவில் வந்து இறங்கினாள், இதைப் படித்தாள். "அங்க வீடு வந்தா நான் உன் பக்கத்துலயே இருப்பேனேம்மா" என்றாள், கோபமே இல்லாமல். பொட்டை மாற்ற வெள்ளிவரை அவகாசம். இன்று காலை போய் என் பச்சைகளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுச் சிவப்பு ஒட்டினேன். இன்னும் நாலு வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். திட்டவேண்டுமென்றால் என்னைத் திட்டு, அவளை ஒன்றும் சொல்லாதே. அவள் இப்போது மைதானத்தில் நின்று, எந்த மூலையில் சமையலறை வந்தால் என் குரல் கேட்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.