நரைத்த தலையோடுதான் வருவேன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கூடப்பிறந்த ஒரே தங்கை எழுதிக்கொள்வது. நானும் என் வீட்டுக்காரரும் சுகம். உன் சுகமும் அத்தான் சுகமும் கல்யாணப் பெண் சிட்டுவின் சுகமும் அறிய ஆவல். இதெல்லாம் முறைக்காக எழுதியது. முறை முடிந்துவிட்டது, இனி வரப்போவது முழுக்க முழுக்கக் கோபம், உட்கார்ந்து படி.

போன் என்று ஒன்று இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் கூப்பிட்டால் நீ எடுத்தால்தானே? அத்தான் எடுத்து, "உங்கக்கா குளிக்கிறாம்மா" என்கிறார். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாய், மத்தியானம் கூப்பிட்டாலும் குளிக்கிறாய், விளக்கு வைத்த பிறகும் குளிக்கிறாய். இப்படிக் குளித்தால் உலகத்தில் எந்த டையும் தலையில் நிற்காது அக்கா. கடிதத்தில் ஒரு சௌகரியம், பாதியில் நீ டொக்கென்று வைக்க முடியாது. கிழித்துப் போடலாம்தான், ஆனால் அடுத்த வரியில் உன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேனோ என்று பொறுக்காமல் நீயே ஒட்டவைத்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா?

விஷயத்துக்கு வருகிறேன். சிட்டுவின் கல்யாணத்துக்கு நான் என் சொந்தத் தலையோடு வருகிறேன். டை கிடையாது. கையிலும் அந்த மூக்கைத் துளைக்கிற நகப்பூச்சு கிடையாது. இதைச் சொன்னதற்குத்தான் நீ, "என் தங்கச்சி நரைச்ச தலையோட வந்து நின்னா, அவ அக்காவுக்கு என்ன வயசுன்னு மண்டபமே கணக்குப் போடும்டி. அப்படி வர்றதா இருந்தா வராமலே இருந்தாலும் பரவாயில்ல" என்று சொல்லி போனை வைத்தாய். வராமலே இருந்தாலும் பரவாயில்லையா? சிட்டு பிறந்த அன்று அவளை உனக்கு முன்னால் தூக்கியவள் நான். நீ போனை வைத்த அன்றைக்கு நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிஜமாகவே அழுதேன் அக்கா. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு யோசித்துப் பார்த்தேன், முடிவில் ஒரு மாற்றமும் இல்லை.

நடந்ததை நீ ஒழுங்காகக் கேட்கவே இல்லை, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். ஒரு சனி விட்டு ஒரு சனி நம் இரண்டு பேருக்கும் டை போடும் நாள் என்பது நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். நீ உன் குளியலறையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, நான் என் குளியலறை வாசற்படியில், தோளில் கறை பிடித்த துண்டு, காதோரம் வாசலின், போனை ஸ்பீக்கரில் போட்டு கவிழ்த்த வாளியின் மேல் வைத்துவிட்டு, டை ஊறுகிற அரை மணி நேரமும் நாம் விடாத ஆள் கிடையாது, பேசாத பேச்சு கிடையாது. அன்றைக்கு வினை உன் சம்பந்தியம்மா உருவத்தில் வந்தது. நிச்சயத்தன்று புகைப்படக்காரன் அவளைப் பார்த்து, "நீங்க மாப்பிள்ளைக்கு அக்காவா?" என்று கேட்டானாம், அவள் அதை மறுக்காமல் சிரித்தாளாம். நீ அதைச் சொல்லிக் கொதித்தாய், நான் எண்ணெய் ஊற்றினேன், பிறகு அந்தப் புகைப்படக்காரன் உன்னைப் பார்த்து என்ன கேட்டான் என்று நான் தெரியாத்தனமாகக் கேட்டுவைத்தேன், நீ அழுதாய், நான் சமாதானம் சொன்னேன், சமாதானம் எப்படியோ சண்டையாகி, சண்டைக்கு நடுவில் வரவேற்புக்கு என்ன நிறச் சேலை என்று பேசி, அதில் இன்னொரு சண்டை வந்து, கடைசியில் என் வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "இன்னிக்குச் சாப்பாடு உண்டா, இல்ல நாளைக்குத்தானா?" என்று கேட்டபோதுதான் தலையில் டை இருப்பதே ஞாபகம் வந்தது. அது காய்ந்து ஓடு மாதிரி ஆகியிருந்தது. டை பெட்டியில், குறித்த நேரத்துக்கு மேல் வைக்காதே என்று போடுகிறார்கள், அக்காவோடு பேசிக்கொண்டே வைக்காதே என்று ஒரு வரி போடக்கூடாதா? உனக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் மண்டை அப்படி. எனக்கு ராத்திரியே அரிப்பெடுத்தது.

காலையில் எழுந்தால் இரண்டு கண்ணும் கோடாக இருக்கிறது, நெற்றி பூரி மாதிரி உப்பி உட்கார்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் கொஞ்சம் கம்மியா வீங்கியிருக்கு, கடையில அந்தப் பக்கமா திரும்பி நில்லு" என்று யோசனை சொன்னார். அவருக்கென்ன, தலையில் ஒரு முடி இல்லாத மகராசன். நானும் புத்தியில்லாமல் கிளம்பிப் போனேன். நான் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில் என்பதும், அங்கே நான்கு சுவரிலும் முகம் பார்க்கும் கண்ணாடி என்பதும் உனக்குத் தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வீங்கின பெண்பிள்ளை என்னையே முறைக்கிறாள். முதலாளி உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். "வாங்கம்மா, பார்வை ரொம்ப மங்கலா இருக்கா? எங்க பொண்ணு இப்ப வந்துடும், செக் பண்ணிடலாம்" என்று கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். "சார், அந்தப் பொண்ணே நான்தான்" என்றேன். மனுஷன் கையிலிருந்த டீயைக் கீழே கொட்டிவிட்டார்.

அவரே ஆட்டோ பிடித்துத் தோல் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டரம்மா கறாரான ஆள். "இந்த டை உங்களுக்கு ஒத்துக்கல. நேரமானது ஒரு காரணம், ஆனா இனிமே கொஞ்ச நேரம் வச்சாலும் இதேதான். அடுத்த தடவ முகத்தோட நிக்கும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன், தொண்டை வீங்கினா மூச்சு முட்டிடும்" என்றார். எனக்கு உன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. "கல்யாணத்துக்கு மட்டும் கொஞ்சமா போட்டுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "கல்யாணத்துல கொஞ்சமா மூச்சு விடுவீங்களா?" என்று கேட்டார்.

அப்போதும் நான் உனக்காகத்தான் யோசித்தேன், நம்பினால் நம்பு. கடைக்குப் போய் இயற்கை மூலிகை என்று கொட்டை எழுத்தில் போட்ட கறுப்புப் பொடி ஒன்று வாங்கினேன். முன்பக்கம் பூவும் இலையுமாக ஒரு தோட்டமே இருந்தது. பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. எங்கள் கடையில் பூதக்கண்ணாடிக்குப் பஞ்சமா, வைத்துப் படித்தேன். டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொடுத்து, இது இருந்தால் தொடாதே என்ற அதே சரக்கு அங்கே கடைசி வரியில் ஒளிந்துகொண்டிருந்தது. நேராகக் குப்பையில் போட்டேன். அடுத்தது வெறும் மருதாணிப் பொடி, கலப்படம் இல்லாதது, முழங்கையின் உட்பக்கம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் தலையில் வைத்தேன். ஒரு அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை, ஆனால் நரைத்த முடியெல்லாம் நல்ல ஆரஞ்சு நிறம். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ரோட்டுல போற வண்டியெல்லாம் உன்னப் பாத்து நிக்கும், கவலைப்படாதே" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு வெறுத்துப்போய், போதும்டா சாமி, முளைக்கிறது எந்த நிறமோ அந்த நிறத்திலேயே முளைக்கட்டும் என்று விட்டேன்.

நகப்பூச்சு போன கதையையும் கேட்டுவிடு. நகத்தில் பழைய பூச்சைத் துடைக்கிற அந்த நீர்மத்தைக் கடையிலேயே வைத்திருப்பேன். ஒருநாள் வாடிக்கையாளர் ஒரு அம்மா, கண்ணாடியைத் துடைத்துக் கொடுங்கள் என்று நீட்டினார். அவசரத்தில், மேசை மேலிருந்த பஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டேன். நகத்தைத் துடைத்த பஞ்சு. பளபளவென்று இருந்த பிளாஸ்டிக் கண்ணாடிச் சட்டம் என் கண்ணெதிரிலேயே வெளுத்து, பிசுபிசுத்து, என் விரல் ரேகை அதில் அப்படியே பதிந்துவிட்டது. முதலாளி புதுச்சட்டம் போட்டுக்கொடுத்து அந்த அம்மாவை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார், நான் என் நகத்தைப் பார்த்தேன். அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக்கையே இந்தப் பாடு படுத்துகிறதே, இத்தனை வருஷமாக இதை நான் நகத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறேனே என்று பகீரென்றது. சாயத்துக்கு அடியில் நகம் எல்லாம் மஞ்சள் பூத்துப் போயிருந்தது. இப்போது ஒட்ட வெட்டி, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியாலேயே தேய்த்துவிடுகிறேன். இளஞ்சிவப்பாக, சமத்தாக இருக்கிறது. எனக்கு என் நகம் இந்த நிறம் என்பதே மறந்துபோயிருந்தது அக்கா.

தலைதான் கொஞ்ச நாள் படுத்தியது. மேலே வெள்ளை, நடுவில் ஆரஞ்சு, கீழே கறுப்பு. பாதிச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு ஆள் காணாமல் போன மாதிரி இருந்தேன். முதலாளி முதலில், "ஒரு தொப்பி போட்டுக்கிட்டு வர்றியாம்மா?" என்று நயமாகக் கேட்டார். "முடியாது சார், வெயில் அடிக்கலையே" என்று நானும் நயமாகச் சொன்னேன். பிறகு கறுப்பையும் ஆரஞ்சையும் ஒட்ட வெட்டிவிட்டேன். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. நரைத்த தலையோடு வருகிற பெண்களெல்லாம், "உங்களுக்கு எந்த ஃபிரேம் எடுப்பா இருக்கோ அதையே எனக்கும் காட்டுங்க" என்று என்னிடமே வருகிறார்கள். இப்போது முதலாளியே புதுச் சரக்கு வந்தால் என் மூக்கில்தான் முதலில் மாட்டிப் பார்க்கிறார். சிவப்புச் சட்டம் ஒன்று எனக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் கல்யாணத்துக்கு வருவேன், முன் வரிசையில்தான் உட்காருவேன், நீ மூலையில் உட்காரச் சொன்னால் சம்பந்தியம்மா மடியில் உட்காருவேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? டை போடாதது எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நீ பேசாததுதான் கஷ்டம். சனிக்கிழமை வந்தால் கை தானாகத் துண்டைத் தேடுகிறது. குளியலறை வாசற்படியில் போய்ச் சும்மாவாவது உட்காருகிறேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விடுகிறார், அவர் கேலி செய்யாமல் போவதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் அழுகையாக வருகிறது. உன் வயதை மறைக்க நான் என் மூச்சை அடகு வைக்க வேண்டுமா அக்கா? உனக்கு என் முடி வேண்டுமா, நான் வேண்டுமா?

ஆகவே தீர்மானமாகச் சொல்கிறேன். நான் வருவேன். நரைத்த தலையோடுதான் வருவேன். உனக்கும் ஒரு வார்த்தை: இன்றைக்கு ஒத்துக்கொண்டது நாளைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று இரும்பு மண்டையை நம்பிக்கொண்டிருக்காதே, நீயும் அந்தக் கருமத்தை விட்டுத் தொலை, நரை உனக்கு அழகாகத்தான் இருக்கும். சிட்டு நகத்துக்குச் சாயம் பூசியே தீருவேன் என்றால் நெடி அடிக்காத வகையாகப் பார்த்து வாங்கச் சொல், ஜன்னலைத் திறந்துவைத்துப் பூசச் சொல், மற்றபடி அவள் இருக்கிற இருப்புக்கு எந்தச் சாயமும் வேண்டாம் என்று சித்தி சொன்னதாகச் சொல்.

அத்தானுக்கு என் வணக்கம், பொய் சொல்வதை நிறுத்தச் சொல். சிட்டுவும் மாப்பிள்ளையும் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே நரைக்கட்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். உனக்கு வாழ்த்து இல்லை, போனை எடுத்தால் யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
மாறாத பிடிவாதத்துடன்,
உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் நீயே கூப்பிட்டுவிட்டாய். பேசினதை எதற்கு எழுதுகிறேன் என்றால், நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று நீ சாதிப்பாய், அதற்காக. "என்னடி பண்றே?" என்றாய். "சும்மா உக்காந்திருக்கேன். நீ டை போட்டாச்சா?" என்றேன். "எங்க போட்டேன்? நீ பேசாம அந்த அரை மணி நேரம் செவுத்தையே பாத்துக்கிட்டு உக்கார முடியலடி. ஒவ்வொரு தடவையும் கலக்கிக் கலக்கிக் கொட்டிட்டேன்" என்றாய். உடனே சிட்டு உன் படத்தை அனுப்பினாள். அக்கா, இது என்ன அநியாயம்? எனக்குச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருந்த அதே வெள்ளையும் கறுப்பும், உனக்கு மட்டும் வெள்ளிச் சரிகைக் கரை வைத்த கறுப்புப் பட்டு மாதிரி இருக்கிறது! முகத்தில் அப்படி ஒரு களை, என்னைவிடப் பத்து வயது இளையவளாகத் தெரிகிறாய். ஆகவே மேலே நரையைப் பற்றி உனக்குச் சொன்ன புத்திமதி அத்தனையும் வாபஸ். "அக்கா, உன் காலப் பிடிச்சுக் கேக்கிறேன், நீ மட்டும் கல்யாணத்துக்கு டை போட்டுக்கோ. ரெண்டு பேரும் இப்படியே பக்கத்துல நின்னா என்னத்தான் மூத்தவன்னு சொல்லுவாங்க" என்று கெஞ்சினேன். "சொல்லிட்டுப் போகட்டுமே. அம்மா போனதுலேருந்து நான்தான் எல்லாருக்கும் மூத்தவளா இருந்துட்டு வர்றேன், எனக்கும் அலுத்துப்போச்சு. கொஞ்ச நாளைக்கு நீ அக்காவா இரேன்" என்றாய். "சரிடி" என்றேன். பிறந்ததிலிருந்து உன்னை ‘டி’ போட்டது அதுதான் முதல் தடவை, நீயும் திட்டாமல் கேட்டுக்கொண்டாய்.