பேய்க்குப் போட்ட பந்தி

பேய்க்குப் பயப்படாதவர்கள் என்று உலகத்தில் யாரும் கிடையாது. அவர்களுக்கு இன்னும் இருட்டவில்லை, அவ்வளவுதான். எனக்குக் கொல்லிமலை ஏறும் வழியில் இருட்டியது.

வெள்ளைக்காரன் காலம். உலகச் சண்டை வேறு. மண்ணெண்ணெய்க்கே ததிங்கிணத்தோம் போட்டுக்கொண்டிருந்தோம். அடிவாரத்தில் புளியஞ்சோலைப் பக்கம் எங்கள் வீடு. என் தாய்மாமா மலைமேல் அரியூர் நாட்டில் மிளகுத் தோட்டம் குத்தகைக்கு எடுத்து, பறிப்புக் காலத்தில் குடும்பத்தோடு மலையிலேயே தங்கியிருந்தார். அவர் மகள் பாவாயி மேல் எனக்குக் கொள்ளை ஆசை. மாமாவுக்கோ என் மேல் துளி நம்பிக்கை கிடையாது. ("நெழலப் பாத்து ஓடறவனுக்கு நான் பொண்ணு குடுக்கோணுமா?") துறையூரில் அவளுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று செய்தி வந்ததும், அம்மா அழுதுகொண்டே எங்கள் சேவலை அறுத்துவிட்டாள்.

"கண்ணு, எந்தம்பி கோழிக்கொழம்புக்கு உசுரையே குடுப்பான். அவன் கை கழுவறதுக்குள்ள சம்மதம் வாங்கிப்போடு" என்று தூக்குப்போசியைக் கையில் கொடுத்தாள். பொழுது சாயும் நேரத்தில் கறி கொண்டுபோனால் பேய் பின்னாலேயே வரும் அல்லவா? அதற்காக மூடிமேல் ஒரு கரித்துண்டையும் வைத்துக் கட்டினாள்.

பாதி மலை ஏறுவதற்குள் அந்தக் கரி என் சலவைச் சட்டையில் ஒரு கோடு இழுத்தது. பாவாயி பார்க்கப்போகிற சட்டை! பிடுங்கி விட்டெறிந்தேன். அப்போது எனக்கிருந்த வீரம் இருக்கிறதே, அடேயப்பா!

பொழுது இறங்கியது. எதிர்ச்சரிவில், ஆளோ வீடோ இல்லாத பாறைக்காட்டில், ஒரு வெளிச்சம். பிறகு இரண்டு. தரைக்கு மேலே மெல்ல ஆடின, அணைந்தன, இன்னும் கிட்டத்தில் எரிந்தன. கொள்ளிவாய்ப் பிசாசேதான்! கறி வாசனைக்கு வருகிறது, கையில் கரியும் இல்லை.

"சாமி, உம்பங்கு இந்தா" என்று ஒரு துண்டை எடுத்து வீசினேன். வெளிச்சம் அணைந்தது. ஆகா, வாங்கிக்கொண்டது என்று நாலு எட்டு வைத்தால், மறுபடி எரிகிறது. மறுபடி வீசினேன். கால் போச்சு, நெஞ்சுக்கறி போச்சு, மாமாவுக்கென்றே அம்மா முழுசாகப் போட்ட ஈரலும் போச்சு. கடைசியில் குழம்பையும் கவிழ்த்துவிட்டு எடுத்தேன் ஓட்டம்.

அம்மா காலையிலேயே ஆள்விட்டுச் சொல்லியிருந்தாளாம். மாமா வாசலில் இலை போட்டு, சாமைச் சோற்றில் குழம்புக்குக் குழியும் வெட்டி, தயாராக உட்கார்ந்திருந்தார். போசியைத் திறந்தார். அடியில் ஒரே ஒரு கழுத்தெலும்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்கடா கறி?"

"ஈரலோட எல்லாத்தையும் பேய்க்குப் போட்டுட்டனுங்க மாமா" என்று சரிவைக் காட்டினேன். வெளிச்சங்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

மிளகு பேச வந்திருந்த பக்கத்து வயல்காரர் பெரியண்ணன் எட்டிப் பார்த்தார். "அதுங்களா? எங்கப்பன் காலத்துலருந்து அங்கதான் எரியுதுங்க. என்னன்னு ஒருத்தருக்குந் தெரியாது. ஆனா இதுநா வரைக்கும் யாரையும் ஒண்ணுங் கேட்டதில்லீங்க. பந்தி போட்டது நீங்கதானுங்க மொத ஆளு."

மாமா இலையை மடித்து எழுந்தார். "நாளைக்கே துறையூருக்கு ஆள் அனுப்பறேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து கெக்கெக்கென்று சிரிப்பு. பாவாயி வெளியே வந்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தபடி.

"ஏனுங்கப்பா, நடுங்கற நடுக்கத்துலயும் பேய்க்கு ஈரலை எடுத்துப் போட்டவரு, கட்டுனவளுக்கு எலும்பையா போடுவாரு? எனக்கு இவரே போதுமுங்க."

மாமா முறைத்துப் பார்த்தார். முறைப்பு நிற்கவில்லை, சிரித்துவிட்டார். அந்தத் தையிலேயே கல்யாணம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கோழி அடித்தால் என் இலையில் விழுவது கழுத்து மட்டும்தான். பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு காலைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். "ஏம் பாவாயி, ஒரு துண்டு ஈரல்..." என்று வாயெடுத்தால் போதும், கரண்டியை மலைப் பக்கம் நீட்டுவாள்.

"உங்க பங்கு அங்க இருக்குதுங்க. போய் வாங்கிக்குங்க."